சேகா பாஸ் ஃபிஷிங்: பெரிய மீன் மாட்டுகிறது, நரம்பு அறுந்துபோகிறது

மிதவை | சனி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். சேகாவின் பழைய கேம் கன்சோலான ட்ரீம்காஸ்ட் ஒன்று வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கூடவே பாஸ் என்ற மீனைப் பிடிக்கும் சேகா பாஸ் ஃபிஷிங் கேம் டிஸ்க்கும், அதற்கென்றே செய்த தூண்டில் கன்ட்ரோலரும் கிடைத்தன. கையில் எடுத்ததுமே அந்தக் கன்ட்ரோலர் பிடித்துவிட்டது. தூண்டிலின் கைப்பிடி மட்டும் இருக்கிறது, கழி கிடையாது. பக்கவாட்டில் நிஜ ரீல் போலவே சுற்றுவதற்கு ஒரு பிடி. கையை வீசினால் திரையில் இரை போய் விழுகிறது. மீன் கடித்தால் உள்ளங்கை அதிர்கிறது.

என் பிரச்சினை என்னவென்றால், சின்ன மீன்கள் சுலபமாக வந்துவிடுகின்றன. பெரியது மாட்டினால் பாதி தூரத்தில் நரம்பு (தூண்டில் கயிறு) அறுந்துவிடுகிறது. நேற்று மட்டும் ஏழு தடவை. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கரை சேர்வதில்லை. சரி, மெதுவாகச் சுற்றலாம் என்றால் நேரம் முடிந்துவிடுகிறது. நேரக் கணக்கு வைத்து ஆடும் ஆர்கேட் முறையில் முன்னேறவே முடியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஏரிக்கரை | சனி, இரவு 11.02

மிதவை, "எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அறுவதற்குக் காரணம் அதுதான்.

நான் இந்த கேமை இருபது வருடத்துக்கு மேலாக ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் இப்படித்தான் அறுந்தது. திரையில் நரம்பின் இறுக்கத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. புதிதாக ஆடுபவர்களின் கண் மீன்மேலேயே இருக்கும், மீட்டர் பக்கம் போகாது. மீன் திமிறி ஓடும் நேரத்தில் நீங்களும் சுற்றினால் மீனின் இழுப்பும் உங்கள் இழுப்பும் ஒரே நரம்பில் சேர்ந்து விழுகின்றன. மீட்டர் சிவந்து அப்படியே நின்றால் அறுந்துவிடும்.

அதனால் மீன் ஓடும்போது ரீலிலிருந்து விரலை எடுங்கள். ஓடட்டும். நீங்கள் இழுத்து வைத்த தூரத்தில் கொஞ்சம் திரும்பப் போகும். மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள். மீன் களைத்து வேகம் குறையும் இடம் ஒன்று வரும். கன்ட்ரோலரின் அதிர்வு தணிவதிலேயே அது தெரிந்துவிடும். அங்கே நாலைந்து சுற்று வேகமாக. மறுபடி திமிறினால் நிறுத்தம். சுற்று, நிறுத்து, சுற்று, நிறுத்து. நேரம் போதவில்லை என்கிறீர்கள். உண்மையில் இப்படி ஆடினால்தான் நேரம் மிச்சமாகும். அறுந்துபோன மீனுக்குச் செலவான நேரம் முழுவதும் வீண்தானே?

இன்னொன்று, ரீல் பாதி வேலைதான் செய்யும். மீன் இடது வலது என்று பக்கம் மாறும்போது தூண்டிலையும் அதைப் பார்த்துச் சாய்க்க வேண்டும். கையை நேராக வைத்துக்கொண்டு வெறுமனே சுற்றினால் பெரிய மீன் ஒருபோதும் வராது. அதற்காக நெடுநேரம் தளரவிட்டுவிடாதீர்கள், மீன் கழன்றுகொள்ளும்.


பழையபெட்டி | சனி, இரவு 11.40

ஏரிக்கரை அண்ணன் சொன்னதோடு இரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிதவை, எந்த லூர் (செயற்கை இரை) போடுகிறீர்கள்? பெரும்பாலும் முதலில் கிடைப்பதையே கடைசி வரை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த கேமில் வரும் லூர்கள் எல்லாம் நிஜக் கடையில் இருப்பவையின் சாயல்தான். கிராங்க்பெய்ட் என்பதற்கு முன்னால் ஒரு சின்ன நாக்கு போலப் பலகை இருக்கும். இழுக்க இழுக்கத் தண்ணீர் அந்தப் பலகையை அமுக்கி, இரையைக் கீழே கொண்டுபோகும். நிறுத்தினால் மெல்ல மேலே மிதந்து வரும். பாப்பருக்கு வாய் குழிவாக இருக்கும். தண்ணீரின் மேற்பரப்பிலேயே கிடக்கும், சுண்டினால் "பொளக்" என்று தண்ணீரைத் தள்ளும். ஸ்பின்னர்பெய்ட்டில் தகடு சுழன்று மின்னும். ரப்பர் புழுவை அடியில் போட்டு, லேசாக நடுங்கவிட்டு, சும்மா விட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுத்தால் ஒன்றுமே கிடைக்காது. பாப்பரைச் சீராகச் சுற்றி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் சுண்டிவிட்டு நிறுத்த வேண்டும். அசையாமல் கிடக்கும் அந்த இரண்டு நொடியில்தான் மீன் மேலே பாயும்.

ஒரிஜினல் முறையையும் ஆடிப் பாருங்கள். அதில் போட்டிகள் உண்டு, பருவமும் வானிலையும் பொழுதும் மாறும், போகப் போகப் புது லூர்கள் சேரும். ஆர்கேட் முறையின் அவசரம் அங்கே இல்லை.


தங்கூசி | ஞாயிறு, காலை 7.20

எல்லாருக்கும் காலை வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது டொரோண்டோவில். சின்ன வயதில் அப்பாவோடு கடலிலும், இங்கே வந்த பிறகு ஏரிகளிலும் தூண்டில் போட்டு வருகிறேன். நீங்கள் நரம்பு என்பதை எங்கட பக்கம் தங்கூசி என்போம், என் பெயரும் அதுதான்.

உண்மையாகச் சொல்கிறேன், இந்த கேமை நான் மீன்பிடிப்பு என்று ஏற்றுக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கிறது, ஆடியிருக்கிறேன், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் இரையைப் போட்டதும் கேமரா தண்ணீருக்குள் போய்விடுகிறது. மீன் எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் மூன்று மீன். தூண்டில் போட்ட யாருக்கும் தெரியும், மீன்பிடிப்பில் முக்கால்வாசி காத்திருப்புதான். தண்ணீருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல், தங்கூசியில் விரலை வைத்துக்கொண்டு இருப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

இதற்குப் பிளேஸ்டேஷனில் வந்த ரீல் ஃபிஷிங் மேல். ஜப்பானில் ஃபிஷ் ஐஸ் என்ற பெயரில் 1996இல் வந்தது. உண்மையான மீன்களைத் தண்ணீருக்கடியில் படம் பிடித்து, அந்தக் காட்சிகளையே கேமுக்குள் வைத்திருந்தார்கள். மீன் வரும், முகர்ந்து பார்க்கும், போய்விடும். பறவைச் சத்தம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நெஞ்சு ஆறும்.


ஏரிக்கரை | ஞாயிறு, காலை 9.05

தங்கூசி எழுதியது: "அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?"

தங்கூசி அண்ணை, நல்ல கேள்வி. சேகா இதை வீட்டுக்கென்று முதலில் செய்யவில்லை. கெட் பாஸ் என்ற பெயரில் 1997இல், காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்காகச் செய்தது. விர்ச்சுவா ஃபைட்டர் 3 என்ற சண்டை கேம் ஓடிய, மாடல் 3 என்ற அதே மின்னணுப் பலகையில்தான் இதுவும் ஓடியது. அந்தக் காலத்தில் அதைவிட வலுவான முப்பரிமாணப் பலகை ஆர்கேடில் கிடைப்பது அரிது. பெரிய திரைக்கு முன்னால் ரீலோடு ஒரு தூண்டில் பொருத்தியிருக்கும். மீன் இழுத்தால் அந்தத் தூண்டிலும் எதிர்த்து இழுக்கும். காசு போட்டு நிற்பவனை அரை மணி நேரம் மிதவையைப் பார்க்கச் சொல்ல முடியாது. அதனால் நேரக் கணக்கு வைத்தார்கள். இவ்வளவு நேரத்துக்குள் இவ்வளவு எடை பிடிக்க வேண்டும், பிடித்தால் ஆட்டம் தொடரும்.

காத்திருப்பை எடுத்த இடத்தில் அவர்கள் எதை வைத்தார்கள் என்று பாருங்கள். கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோனதால், கரையில் நிற்பவர் வாழ்நாளில் பார்க்க முடியாத ஒன்றைக் காட்டினார்கள். மீன் இரையைத் தொடர்ந்து வருகிறது. கிட்டே வந்து நிற்கிறது. கடிக்கலாமா என்று பார்க்கிறது. பிறகு திரும்பிப் போய்விடுகிறது. நீங்கள் சுற்றிய வேகம் அதற்குப் பிடிக்கவில்லை. இதே மீன்கள் நிஜ ஏரியிலும் நம் இரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும், நமக்குத்தான் தெரிந்திருக்காது. இங்கே ஒவ்வொரு மறுப்பும் கண்ணில் படுகிறது. எனக்கு அந்த நொடி காத்திருப்பாகத்தான் படுகிறது. நீளம் குறைவு, அழுத்தம் அதிகம்.

ரீல் ஃபிஷிங் எனக்கும் பிடிக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மீன் மாட்டிய பிறகு நடக்கும் இழுபறியில் சேகாவின் கேம் எங்கேயோ போய்விடுகிறது. மீன் மாட்டியதும் இசை மாறும், ஒரு குரல் அறிவிக்கும், கை அதிரும். உடம்பே தூண்டிலாகிவிடும்.


காசெட்காரன் | ஞாயிறு, பகல் 12.30

இழுபறி என்ற பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். நீங்கள் சொல்லும் அந்த "எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது" என்பது 1980இலேயே ஒரு கேமில் வந்துவிட்டது. அட்டாரி 2600 என்ற பழைய கன்சோலுக்கு ஆக்டிவிஷன் வெளியிட்ட ஃபிஷிங் டெர்பி. எழுதியவர் டேவிட் கிரேன், இரண்டு வருடம் கழித்து பிட்ஃபால் என்ற கேமை எழுதியவரும் அவர்தான்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், அந்த கேமின்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு. திரையின் இரண்டு ஓரத்திலும் படகுத்துறை. ஒவ்வொன்றிலும் ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஆறு வரிசையாக மீன்கள் நீந்துகின்றன. மேல் இரண்டு வரிசையில் மீன் ஒன்றுக்கு 2 பவுண்டு, நடு இரண்டில் 4, அடி இரண்டில் 6. முதலில் 99 பவுண்டு சேர்ப்பவர் வென்றவர். இன்னொருவரோடும் ஆடலாம், கணினியோடும் ஆடலாம்.

இவ்வளவுதான் என்றால் எல்லோரும் அடி மீனையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே கருப்பாக ஒரு சுறா இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் மீன் மேலே வரும்போது சுறா குறுக்கே வந்தால் மீன் அதன் வாய்க்குள். மாட்டிய மீன் தானாகவே மெதுவாக மேலே வரும். பொத்தானை அழுத்தினால் வேகமாக வரும். சுறா தூரத்தில் இருந்தால் அழுத்தலாம், கிட்டே வந்தால் விட்டுவிட்டு நரம்பைப் பக்கவாட்டில் நகர்த்தித் தப்ப வைக்க வேண்டும்.

இதைவிட அருமையான விதி ஒன்று இருக்கிறது. இருவர் தூண்டிலிலும் ஒரே நேரத்தில் மீன் மாட்டினால், முதலில் மாட்டியவருக்குத்தான் வேகமாக இழுக்கும் உரிமை. மற்றவர் காத்திருக்க வேண்டும். அப்புறம் யோசித்துப் பாருங்கள், என் மீனைச் சுறாவுக்குப் பயந்து நான் தாமதித்தால், பக்கத்தில் இருப்பவரும் அதனாலேயே தவிப்பார். அந்தப் பெட்டியில் நினைவகம் வெறும் 128 பைட்டு. ஒரு முழுப் படத்தை வைத்துக்கொள்ள இடமே கிடையாது. தொலைக்காட்சியின் ஒவ்வொரு கோடும் வரையப்படும் நேரத்திலேயே, அந்தக் கோட்டில் என்ன இருக்க வேண்டும் என்று புரோகிராம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்குள் இருந்துகொண்டு இவ்வளவு பதற்றத்தை உண்டாக்கியிருக்கிறார்.

தங்கூசி அவர்களே, இதிலும் மீன்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். காத்திருப்பு சுறாவுக்காக.


மிதவை | ஞாயிறு, மாலை 6.45

எல்லோருக்கும் நன்றி. மதியம் இரண்டு மணி நேரம் ஆடினேன். ஏரிக்கரை சொன்னபடி மீன் ஓடும்போது கையை எடுத்தேன். நரம்பு அறுவது பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு புதுச் சிக்கல்.

ஒன்று, மீன் கடிக்கும் அந்த நொடியில் நான் தூண்டிலைத் தூக்கினால், திரையில் கொஞ்சம் தாமதித்துத்தான் தூக்குகிறது. அதற்குள் மீன் போய்விடுகிறது.

இரண்டாவது கொடுமை. பெரிய மீன் ஒன்றைப் படகு வரைக்கும் கொண்டுவந்தேன். அப்போது கன்சோல் தானாக ரீசெட் ஆகிவிட்டது. ட்ரீம்காஸ்ட் தொடங்கும்போது வரும் ஆரஞ்சுச் சுழி வந்து நின்றது. நான் ஒன்றையும் தொடவில்லை. விற்றவரிடம் கேட்டேன், அவர் பதிலே போடவில்லை. கன்சோல் வீணாகிவிட்டதா?


நீலச்சுழி | ஞாயிறு, இரவு 8.10

பயப்படாதீர்கள் மிதவை, வீணாகவில்லை. ட்ரீம்காஸ்டுகளுக்கு வயதானால் வரும் பொதுவான சிக்கல் இது. உள்ளே மின்சாரம் கொடுக்கும் பலகை தனி, அதிலிருந்து தாய்ப்பலகைக்கு வரிசையாகச் சில ஊசிகள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. அந்த ஊசிகளில் அழுக்குப் படிந்து தொடர்பு தளர்ந்தால் இப்படி நடுவில் ரீசெட் ஆகும். இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, மின்பலகையைத் தூக்கி எடுத்து, ஊசிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மின்பலகையின் மற்ற பாகங்களில் கை வைக்காதீர்கள், கன்டென்சரில் மின்சாரம் மிச்சம் இருக்கும். உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை.

தாமதம் தொலைக்காட்சியால் வருவது. புது டிவிக்கள் பழைய சிக்னலை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொள்கின்றன. டிவி அமைப்பில் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். ட்ரீம்காஸ்டுக்கு விஜிஏ என்ற கணினித் திரை இணைப்பு வழியாக 480பி என்ற தெளிவான படம் தரும் திறன் உண்டு. அதற்கான விஜிஏ பெட்டி ஒன்று கிடைத்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், மாற்றும் வேலையும் குறையும். பழைய டப்பா டிவி வீட்டில் இருந்தால் அதைவிட நல்லது வேறு இல்லை. மீன் கொத்தியதும் சுண்டி முள்ளைப் பதிக்க வேண்டிய கேமில் இந்தச் சின்னத் தாமதமே பெரிய கேடு.

அந்தத் தூண்டில் கன்ட்ரோலரை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். சோல்காலிபர் என்ற வாள்சண்டை கேமில் அதைச் செருகிக் கையை வீசினால் திரையில் வாள் வீசும். விர்ச்சுவா டென்னிசிலும் வேலை செய்யும். நின்டெண்டோவின் வீ கன்சோல் 2006இல் வந்து கையசைப்பால் ஆடுவதை உலகத்துக்கே பழக்கியது, அதற்கு ஏழு வருடத்துக்கு முன்பே இது வீட்டுக்குள் வந்துவிட்டது. பின்னால் 2008இல் சேகா இதே கேமை வீயிலும் வெளியிட்டபோது, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது என்று தோன்றியது.


குளத்துமேடு | திங்கள், காலை 6.50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். ஜப்பானில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் ஒரு விஷயம் சொல்லத் தோன்றியது. இந்த கேம் ஏன் பாஸ் மீனை எடுத்தது?

பாஸ் ஜப்பானின் மீனே கிடையாது. வட அமெரிக்க மீன். கலிபோர்னியாவிலிருந்து 1925இல் அகபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் கொண்டுவந்து ஹகோனேயில் இருக்கும் ஆஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிவிட்டது. லூர் போட்டுப் பாஸ் பிடிப்பது 1990களில் அங்கே பெரிய மோகமாக இருந்தது. கெட் பாஸ் ஆர்கேடுக்கு வந்தது அந்த அலையின் நடுவில்.

எடையைக் கூட்டிப் போட்டி வைப்பது அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம். ரே ஸ்காட் என்பவர் 1967இல் ஆர்க்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு பெரிய பாஸ் போட்டி நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாஸ்மாஸ்டர் கிளாசிக், முதல் கிளாசிக் 1971இல் மீட் ஏரியில் நடந்தது. கேமில் "இவ்வளவு எடை சேர்" என்ற கணக்கு ஆர்கேடுக்குப் பொருந்தியது மட்டுமல்ல, அந்த விளையாட்டே அப்படித்தான் நடக்கிறது.

உலகிலேயே பெரிய பாஸ் என்ற பெயர் 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீனுக்கு இருந்தது, 10.09 கிலோ. கிட்டத்தட்ட 77 வருடம் அதை யாரும் தொடவில்லை. பிறகு 2009இல் குரிதா மனாபு என்பவர் ஜப்பானின் பிவா ஏரியில் 10.12 கிலோ மீன் ஒன்றைப் பிடித்தார். பழைய சாதனையைவிடக் குறைந்தது 2 அவுன்ஸ் கூடுதலாக இருந்தால்தான் புதிய சாதனை என்பது விதி. இது அதற்குக் குறைவு. அதனால் இருவரும் சமம் என்று பதிவானது. இந்த மீனுக்குச் சொந்த ஊரே இல்லாத நாட்டில் அந்த மீன் கிடைத்தது.

ஆனால் அதே பிவா ஏரியில் பாஸ் ஒரு துயரக் கதையும்கூட. ஏரிக்கே உரிய சின்ன மீன்களை அது தின்று தீர்க்கிறது. அந்த ஏரி இருக்கும் ஷிகா மாவட்டத்தில் 2003 முதல், பிடித்த பாஸைத் திரும்ப நீரில் விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2005இல் நாடு முழுவதற்கும் அதை ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்து, உயிரோடு கொண்டுபோவதையும் வளர்ப்பதையும் தடுத்தார்கள். கரையில் பிடித்த மீனைப் போடுவதற்கென்றே பெட்டிகள் வைத்திருப்பார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கேமில் மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்த வீச்சுக்குப் போய்விடுவோம். அந்த ஏரிக்கரையில் நின்ற பிறகு, கேமில் மீனைத் தூக்கிக் காட்டும் காட்சி எனக்கு முன்போல் இல்லை. ஆனாலும் ஆடுகிறேன், பிடித்துத்தான் ஆடுகிறேன்.


பழையபெட்டி | திங்கள், காலை 8.15

அக்கா, இது எனக்கு முற்றிலும் புதுச் செய்தி. நன்றி. பாஸ் மறைவில் நின்று பாய்ந்து தின்னும் மீன் என்பது கேமிலேயே தெரிகிறது, மூழ்கிய மரம், புல், பாறை ஓரம் என்றுதான் நிற்கும். நம் ஊர் விரால் மாதிரி. அப்படிப்பட்ட மீனைப் பழக்கமில்லாத ஏரியில் விட்டால் என்ன ஆகும் என்று இதுவரை யோசித்ததே இல்லை.


தங்கூசி | திங்கள், இரவு 9.30

நேற்றிரவு ஏரிக்கரை எழுதியதைப் படித்துவிட்டு, பரணில் கிடந்த ட்ரீம்காஸ்டை எடுத்துத் தூசி தட்டினேன். ஆட்டத்தைச் சேமிக்கும் மெமரி யூனிட் கீச்சென்று கத்தியது, பேட்டரி போய்விட்டது. இரண்டு சிஆர் 2032 வாங்கிப் போட்டேன்.

மீனைப் பிடிக்க வேண்டும் என்று நினைக்காமல், மீன் ஏன் கடிக்கவில்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடினேன். சீராக இழுத்தால் தொடர்ந்து வருகிறது, கடிப்பதில்லை. நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. நிறுத்திவிட்டு ஒரே ஒரு தரம் லேசாகச் சுண்டினால் பாய்கிறது. என் அப்பா கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான், "இரை உயிரோடு இருக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் சாகப்போகிற மாதிரியும் இருக்க வேண்டும்" என்பார். தண்ணீருக்கு மேலே இருந்துகொண்டு முப்பது வருடம் அதைச் செய்திருக்கிறேன். அதற்கு மீன் என்ன செய்கிறது என்று கீழிருந்து பார்த்தது நேற்றுத்தான்.

காத்திருப்பு பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த அமைதி இந்த கேமில் இல்லை, இசையும் எனக்குச் சத்தம்தான். ஆனால் இரையை ஆட்டும் கலையை இதைவிட நன்றாகக் காட்டிய கேமை நான் ஆடியதில்லை. அந்த அளவுக்கு ஏரிக்கரை சொன்னது சரி.

காசெட்காரன், ஃபிஷிங் டெர்பியையும் மகனோடு ஆடிப் பார்க்கப் போகிறேன். முதலில் மாட்டியவருக்கே இழுக்கும் உரிமை என்ற விதி எங்களிடையே சண்டை மூட்டும் என்று நினைக்கிறேன்.


ஏரிக்கரை | திங்கள், இரவு 10.05

தங்கூசி அண்ணை, உங்கள் அப்பா சொன்ன வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன். இரையைப் பற்றி நான் இவ்வளவு நாள் எழுதியதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இசையைப் பற்றி மட்டும் ஒரு யோசனை. ஒரிஜினல் முறையில் போட்டிக் கவலை இல்லாமல் ஆட நினைத்தால் பயிற்சி முறை இருக்கிறது. டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டு, அதிர்வை மட்டும் நம்பி ஆடிப் பாருங்கள். கையில் வரும் அதிர்வே போதும் என்று தெரியும். நான் இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அப்படித்தான் ஆடுவேன்.


மிதவை | புதன், இரவு 11.20

ஊசிகளைத் துடைத்துவிட்டேன், இரண்டு நாளாக ரீசெட் ஆகவே இல்லை. நீலச்சுழிக்கு நன்றி. டிவியில் கேம் மோடும் போட்டுவிட்டேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பாப்பரை ஒரு மரக்கட்டை ஓரத்தில் வீசினேன். சுண்டிவிட்டு நிறுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி சுண்டி நிறுத்தினேன். கீழே நிழல் போல ஒன்று திரும்பியது. சுற்றத் துடித்த கையை அடக்கிக்கொண்டு நின்றேன். அது மேலே வந்து அப்படியே விழுங்கியது. தூக்கியதும் கை அதிர்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, இது வேறு மாதிரி மீன் என்று.

முதல் ஓட்டத்தில் விட்டுவிட்டேன். இரண்டாவது ஓட்டத்திலும் விட்டேன். மீட்டர் சிவந்து சிவந்து இறங்கியது. இடது பக்கம் போனபோது தூண்டிலைச் சாய்த்தேன், துள்ளியபோது சுற்றவே இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, இருந்தும் அவசரப்படவில்லை. படகுக்குப் பக்கத்தில் வந்த பிறகும் ஒருமுறை ஓடியது. பழைய நானாக இருந்தால் அங்கேதான் அறுத்திருப்பேன். விட்டேன். பிறகு வந்துவிட்டது. பெரிய மீன் என்று அந்தக் குரல் அறிவித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

நாளை ஒரிஜினல் முறையில் மழை நாள் போட்டி. தண்ணீர் கலங்கலாக இருக்கும் போலிருக்கிறது. பாப்பரே போடட்டுமா, ஸ்பின்னர்பெய்ட் போடட்டுமா?


பழையபெட்டி | புதன், இரவு 11.31

ஸ்பின்னர்பெய்ட். கலங்கல் தண்ணீரில் தகட்டின் அதிர்வைத் தேடி வரும். மெதுவாக இழுங்கள்.